கவாத்துத் தேதியும் ஐப்பசி மழையும்: ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்தின் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. மாமனார் காலமான பிறகு, கணவர் வெளிநாட்டு வேலையில் இருப்பதால், தோட்டத்தை நான் ஒருத்தியாகவே பார்த்து வருகிறேன். 2021ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் ஒரு போகம் ஏறக்குறைய முழுவதுமாகக் கையை விட்டுப் போயிற்று. அந்த நான்கு மாதங்களில் என்ன நடந்தது, எவ்வளவு பணம் போயிற்று, மழைக்கும் பழத்துக்கும் அந்தப் பழத்திலிருந்து வரும் ஒயினுக்கும் உள்ள தொடர்பு என்ன என்பதை ஒருவர் முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நான் வேறு விதமாகத் திட்டமிட்டிருப்பேன். சொல்ல ஆளில்லாமல் போனதால், புதிதாகத் தோட்டம் எடுப்பவர்களுக்கும் குத்தகைக்குப் பிடிப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர்த் திராட்சையின் இயல்பைச் சொல்ல வேண்டும். பிரான்சு போன்ற குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து உறங்கும். வசந்தத்தில் துளிர்த்து, ஆண்டுக்கு ஒரே முறை, ஆகஸ்டு கடைசியிலிருந்து அக்டோபருக்குள் அறுவடைக்கு வரும். அங்கே பருவத்தை முடிவு செய்வது வானம். நம் பள்ளத்தாக்கில் கொடிக்கு உறக்கமே கிடையாது. நாம் கத்தரியை எடுத்துக் கொப்புகளை வெட்டி என்றைக்குக் கவாத்து செய்கிறோமோ அன்றைக்கே அதற்கு வசந்தம் தொடங்கிவிடுகிறது. பன்னீர் ரகத்தில் கவாத்திலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 120 நாள் ஆகும். இதனால்தான் இரண்டு ஆண்டில் ஐந்து போகம் வரை எடுக்க முடிகிறது; ஆண்டின் எந்த மாதத்திலும் கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் பழம் தொங்கிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படும் இந்த ரகத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும் ஆண்டு முழுவதும் காய்க்கும் இந்தத் தன்மை ஒரு காரணம். ஆனால் எந்த மாதமும் பழம் எடுக்கலாம் என்பதை எந்த மாதமும் நல்ல பழம் எடுக்கலாம் என்று புரிந்துகொள்ளக் கூடாது. துளிர், பூ, பிஞ்சு, பழுத்தல் ஆகிய நான்கு கட்டங்களும் எந்த மாத வானத்தின் கீழ் வரப்போகின்றன என்பது கவாத்து செய்த அன்றே எழுதப்பட்டுவிடுகிறது.

2021 ஜூலைக் கடைசியில் கவாத்து செய்வது என்று முடிவானதற்குச் சந்தைக் கணக்கே காரணம். கேரளத்தில் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் கிறிஸ்துமசுக்கென்று வீட்டிலேயே ஒயின் போடுவார்கள். பரணியில் கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் பட்டை கிராம்பும் போட்டு ஊற வைக்க நவம்பரிலேயே பழம் வாங்கத் தொடங்குவார்கள். குமுளி மலைப்பாதை ஏறினால் கேரளம் என்பதால், அந்த நேரத்துக்குப் பழம் கையில் இருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று வியாபாரிகள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதோடு, ஒயின் ஆலை ஒன்றும் நவம்பர் இறுதியில் மூன்று டன் வரை எடுத்துக்கொள்வதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. விலை பற்றிய இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. நவம்பரில் வரும் பழம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் பழுக்க வேண்டும் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. கவாத்துக்கு வந்த பெரியவர் மட்டும், "இது மழைக்குப் பிறக்குற காயி தாயி, மருந்துக்குத் தனியாப் பணம் எடுத்து வச்சுக்க" என்றார். எவ்வளவு பணம், எதற்கு மருந்து என்று அவரிடம் உட்கார்ந்து கேட்க அன்றைய வேலை நெருக்கடியில் நேரமில்லை.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. ஆடிக்காற்றில் சில இளங்கொப்புகள் முறிந்தன. அதைக் கம்பியில் கட்டிச் சமாளித்தோம். செப்டம்பர் முற்பகுதியில் பூ எடுத்தபோது வானம் தெளிவாக இருந்ததால் பிஞ்சு நன்றாகப் பிடித்தது. பூ நேரத்து மழைதான் பெரிய ஆபத்து என்று நினைத்திருந்ததால் மனம் லேசாகிவிட்டது. உண்மையில் பூ நேரத்து மழை பிஞ்சு பிடிப்பதைக் கெடுக்கும். பூவின் மேல்மூடி கழன்று விழாமல் ஒட்டிக்கொள்வதால் கொத்தில் பாதி உதிர்ந்துபோகும், மீதியில் மிளகு போன்ற சிறுமணிகள் நின்றுவிடும். அந்தக் கண்டத்தைத் தாண்டியதால் போகமே தப்பிவிட்டது என்று எண்ணுவதற்கில்லை என்பதைப் பிறகுதான் கண்டேன்.

செப்டம்பர் இறுதியில் மாலை மழை தொடங்கியது. சில நாளில் இலையின் மேற்பக்கத்தில் எண்ணெய் சொட்டியது போல மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. இலையைத் திருப்பிப் பார்த்தால், அதே இடத்தில் அடிப்பக்கம் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூசணம். இதுதான் அடிச்சாம்பல் நோய். இலை ஈரமாக இருக்கும் இரவுகளில் இது பரவும். காலையில் பந்தலுக்குள் நுழையும்போது இலைநுனியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தால், முந்தைய இரவு நோய்க்கு நல்ல இரவாக இருந்திருக்கிறது என்று பொருள். இதையும், மேற்பக்கத்தில் திருநீறு பூசியது போல வரும் சாம்பல் நோயையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டியதில்லை. மழை இல்லாமல் மேகம் மூடிய மந்தமான நாட்களிலேயே வரும். இரண்டுக்கும் மருந்து வேறு. மருந்துக் கடையில் "திராட்சையில் வெள்ளையாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் இரண்டுக்கும் சேர்த்து மருந்து கட்டிக்கொடுத்துவிடுவார்கள்; எனக்கு அப்படித்தான் முதல் இரண்டு வாரங்களில் பெருந்தொகை போயிற்று. நோய் பிடித்த இலையை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, ஆனைமலையன்பட்டியில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

அடிச்சாம்பலுக்குப் பழைய மருந்து போர்டோ கலவை. பிரான்சில் போர்டோ நகரத்தை அடுத்த ஒயின் தோட்டங்களில் இதே நோய் பரவியபோது, 1880களில் மில்லர்தே என்ற தாவரவியலாளர் மயில்துத்தமும் (செம்புச் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து கண்டறிந்தது இது. ஒரு சதவீதக் கலவைக்கு நூறு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் டிரம் நல்லது. கலந்து முடித்ததும் நன்கு தேய்த்த இரும்புக் கத்தி ஒன்றைச் சிறிது நேரம் முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் மிகுந்திருக்கிறது, அப்படியே அடித்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். படியாவிட்டால் சரி. எங்கள் சுண்ணாம்பு பழையது என்பதால் முதல் கலவையிலேயே கத்தி சிவந்தது. பெரியவர் சொல்லித்தராதிருந்தால் நோய் எடுத்த இலைக்குப் பதில் நாங்களே மீதி இலையைக் கருக்கியிருப்போம். கலவையை அன்றன்றே அடித்து முடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இது நோய் வருமுன் இலையைக் காக்கும் மருந்தே தவிர, உள்ளே இறங்கிய நோயை விரட்டும் மருந்து இல்லை. மழைக்கு முந்தைய நாள் அடித்தால் பலன் உண்டு. மழை ஓய்ந்த பிறகு அடித்தால் பாதிப் பலன்தான்.

அக்டோபரில் அந்த முந்தைய நாள் என்பதே கிடைக்கவில்லை. காலையில் மருந்தடித்தால் மாலையில் மழை கழுவிவிடும். விசைத்தெளிப்பானுக்கு ஆள் கிடைக்காத நாளில் வெயில் அடிக்கும். ஆள் வரும் நாளில் மழை பெய்யும். பள்ளத்தாக்கில் அத்தனை தோட்டத்துக்கும் அதே நாளில் அதே ஆள் தேவைப்படுவதால், கூலியும் இரட்டிப்பானது. தோட்டத்து மண் சேறாகி, தெளிப்பான் குழாயை இழுக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. இரவில் ஓட்டின் மீது மழைச்சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல், கணவருக்குத் தொலைபேசியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லிவந்தேன். அந்தப் பொய் எனக்கு ஆறுதல் தரவில்லை, தனிமையைத்தான் கூட்டியது. இப்படி ஒரு நிலை வந்தால் வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பணத்தைப் பற்றிய முடிவை ஒருவரே எடுக்காதீர்கள்.

மாதம் முடிவதற்குள் பாதி இலை உதிர்ந்துவிட்டது. காய் நன்றாகத்தான் தொங்கிற்று, நிறமும் மாறத் தொடங்கிற்று. அதனால் இலை போனாலும் பழம் தப்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஆனால் சர்க்கரை உண்டாவது இலையில்தான். ஒரு கொத்து முழுமையாக இனிக்கப் பத்துப் பன்னிரண்டு நல்ல இலைகளாவது வேண்டும். இலையும் இல்லை, மேகமூட்டத்தால் வெயிலும் இல்லை என்றால் பழம் கறுக்கும், இனிக்காது. ஒரே கொத்தில் கறுப்பும் சிவப்பும் பச்சையும் கலந்து நிற்கும். வாழை, மாம்பழம் போலப் பறித்து வைத்துப் பழுக்க வைக்கவும் முடியாது. பறித்த நிமிடத்தில் இருந்த இனிப்புதான் திராட்சைக்குக் கடைசி வரை.

நவம்பரில் மழை அடைமழையாயிற்று. தமிழகம் முழுவதும் அந்தப் பருவத்தில் இயல்பைவிட மிக அதிகமாகப் பெய்தது. மாதக் கடைசியில் முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. நெல்லுக்கும் வாழைக்கும் மகிழ்ச்சியான அதே செய்தி எங்கள் பந்தலுக்கு இறுதி அடியாக வந்தது. பன்னீர் ரகத்துக்குத் தோல் மெல்லியது. பழுக்கும் நேரத்தில் வேர் திடீரென்று நீரை இழுத்து மேலே அனுப்பும்போது, தோலும் தன் பங்குக்கு மழைநீரை உறிஞ்சும்போது, பழம் காம்பை ஒட்டி வெடிக்கிறது. வெடித்த பழத்திலிருந்து சாறு வழிந்து அடுத்த பழத்தில் படும், அங்கே பூசணம் பிடிக்கும், பழ ஈ மொய்க்கும். பந்தலுக்கு அடியில் நின்றால் புளித்த காடி வாசம் வந்தது. பன்னீர்த் திராட்சைக்கே உரிய அந்த நறுமணத்தை அந்தப் போகத்தில் ஒரு நாளும் நான் முகரவில்லை.

ஒயின் ஆலையிலிருந்து வந்தவர் சட்டைப்பைக்குள் வைக்கும் அளவுள்ள, சாற்றின் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டுச் சாறு விட்டுப் பார்த்தார். அவர்களுக்கு வேண்டியது 18 பிரிக்ஸ், அதாவது நூறு கிராம் சாற்றில் சுமார் 18 கிராம் சர்க்கரை. எங்கள் பழத்தில் 13க்கும் 14க்கும் இடையில் நின்றது. அவர் பொறுமையாக விளக்கினார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். சாற்றில் உள்ள சர்க்கரையைத்தான் ஈஸ்ட் சாராயமாக மாற்றுகிறது. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீதம் சாராயம் வரும். ஆகவே 20 பிரிக்ஸ் பழத்தில் 11 சதவீதத்தை ஒட்டி வரும் ஒயின், 14 பிரிக்ஸ் பழத்தில் எட்டைக்கூட எட்டாது. அப்படிப்பட்ட ஒயின் நிற்காது, விரைவில் கெடும். சர்க்கரை சேர்த்துச் சரிக்கட்டலாம் என்றாலும், மழையில் நீர்த்துப்போன நிறத்தையும் மணத்தையும் எதைச் சேர்த்தும் கொண்டுவர முடியாது. வெடித்த பழத்தில் ஏற்கெனவே புகுந்திருக்கும் நுண்ணுயிரிகள் ஒயினைக் காடியாக்கும். இன்னொன்றையும் அவர் சொன்னார்: சாம்பல் நோய்க்காக அறுவடையை ஒட்டி அடித்த கந்தகம் பழத்தில் தங்கினால் ஒயினில் அழுகிய முட்டை நாற்றம் வரும், துத்தம் தங்கினால் ஈஸ்ட்டே சரியாக வேலை செய்யாது. மழைக்குப் பயந்து கடைசி வரை மருந்தடித்த தோட்டத்தின் பழத்தை ஆலைகள் தயங்குவதற்கு இதுவே காரணம். ஒரு பெட்டி கூட எடுக்காமல் போனார்கள்.

மிச்சத்தைக் கையால் பொறுக்கி, வெடித்ததைக் கிள்ளி எறிந்து, குமுளி வியாபாரியிடம் கிலோ 25 ரூபாய்க்குக் கொடுத்தோம். ஏழு டன் எதிர்பார்த்த தோட்டத்தில் விற்றது இரண்டரை டன்னுக்குள். கையில் வந்தது சுமார் 60,000 ரூபாய். கவாத்துக் கூலி, உரம், மருந்து, மருந்தடிப்புக் கூலி எல்லாம் சேர்த்துப் போட்டது 2,10,000 ரூபாய்; அதில் மருந்துக்கு மட்டும் 95,000, வழக்கமான போகத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். ஒன்றரை லட்சத்துக்கு வளையலை அடகு வைத்தேன். எங்களிடம் ஆண்டுதோறும் நேராகப் பழம் வாங்கும் கோட்டயத்துச் சேச்சி ஒருவர் சனவரியில் அழைத்து, "மோளே, இத்தவண வைன் வினாகிரி ஆயிப்போயி" (மகளே, இந்த முறை ஒயின் காடியாகிவிட்டது) என்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பணம் போனதைவிட அந்தச் சொல்தான் என்னை அதிகம் வருத்தியது.

இழப்பு அதோடு முடியவில்லை என்பதைப் பலரும் அறிவதில்லை. அடுத்த போகத்துக்கான கொத்து, இந்தப் போகத்தின் கொப்புகளில் உள்ள மொட்டுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. மொட்டு அப்படி உருவாகும் வாரங்களில் வெயிலும் நல்ல இலையும் இல்லாவிட்டால், அடுத்த கவாத்தில் கொப்பு செழித்து வரும், கொத்து வராது. எங்களுக்கும் அதற்கடுத்த போகத்தில் விளைச்சல் பாதியாகத்தான் இருந்தது. நோயில் ஒரு போகம் போனால், அடுத்த போகத்தின் வருமானத்தை நம்பி உடனே கடன் வாங்காதீர்கள்.

பிறகு நான் ஆராய்ச்சி நிலையத்திலும், அனுபவமுள்ள விவசாயிகளிடமும், நாசிக் பக்கம் போய்வந்த ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கவாத்துத் தேதிக்கும் ஒரு விலை உண்டு. மார்கழி, தையில், அதாவது டிசம்பர், சனவரியில் கவாத்து செய்தால் பழம் ஏப்ரல், மேயில் வரும். துளிர்க்கும் நேரத்தில் பனி இருக்கும், அதனால் கவனம் வேண்டும். ஆனால் காய் முற்றும் மாதங்கள் முழுவதும் வெயில் என்பதால் இனிப்பு ஏறும். கோடை மழை மட்டும் குறுக்கிடலாம். இந்தப் பழத்தில் சர்க்கரை மிகுதி, ஆனால் வெப்பமான இரவுகளில் புளிப்பு எரிந்துபோகும், நிறமும் சற்றுக் குறையும். தின்பதற்கு அருமையான பழம், ஒயினுக்கு வைத்தால் சப்பென்று இருக்கும் என்று ஆலைக்காரர்கள் சொல்கிறார்கள். மே, சூனில் கவாத்து செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரில் பழம். தென்மேற்குச் சாரலும் காற்றும் இடைஞ்சல் தந்தாலும் அடைமழைக்கு முன் அறுத்து முடித்துவிடலாம். பல்கலைக்கழகம் பன்னீர் ரகத்துக்குப் பரிந்துரைக்கும் இரண்டு பருவங்களும் இவையே. நாசிக்கில் ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று இரண்டு கவாத்து செய்தும் ஒரே அறுவடைதான் எடுக்கிறார்கள். சனவரி முதல் மார்ச்சு வரை மழையற்ற பகலும் குளிர்ந்த இரவும் கிடைக்க, இனிப்பும் புளிப்பும் ஒருசேர நிற்கின்றன. இந்தியாவில் ஒயின் தொழில் அங்கே வேரூன்றியதில் இந்த வானிலைக்குப் பெரிய பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன். இரண்டு ஆண்டில் ஐந்து போகம் என்ற பெருமையை விட்டு, ஆண்டுக்கு இரண்டு நல்ல போகம் என்று நம் பள்ளத்தாக்கும் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து; கடன் தவணைக்கு நடுவே இருப்பவர்களுக்கு இது எளிதில்லை என்பதும் தெரியும்.

இப்போது என் தோட்டத்தில் சில பழக்கங்கள் நிலைத்துவிட்டன. ஒன்றரை ஏக்கரையும் ஒரே நாளில் கவாத்து செய்வதில்லை. மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுகிறேன். ஒரு பெருமழை வந்தால் மூன்றும் ஒரே கட்டத்தில் சிக்காது, மருந்தடிக்கும் ஆளும் ஒரே நாளில் தேவைப்படாது. கவாத்துக்கு முன் நாட்காட்டியில் அறுவடைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, பூப்பதும் பழுப்பதும் வரும் வாரங்களைக் குறித்து, அவை அக்டோபர், நவம்பரில் விழுந்தால் தள்ளி வைக்கிறேன். பந்தலின் மேல் இலையை விட்டுவிட்டு, கொத்தைச் சுற்றி அடியில் நெருங்கிய பக்கக்கொப்புகளைக் கிள்ளி எடுப்பதால் காற்றுப் புகுந்து கொத்து சீக்கிரம் உலர்கிறது. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறேன். நானே ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிக்கொண்டேன்; ஒரு போகத்தின் மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறியது. பனி உலர்ந்த பிறகு, தோட்டத்தின் நடுவிலும் ஓரத்திலும், கொத்தின் தோளிலும் நுனியிலும் பழம் எடுத்துக் கலந்து பார்க்க வேண்டும். தோளில் உள்ள பழம் எப்போதும் நுனியைவிட இனிக்கும் என்பதால், அதை மட்டும் பார்த்து அறுத்தால் வாங்குபவரின் ரிஃப்ராக்டோமீட்டரில் வேறு எண் வரும்.

ஆலைக்கோ வீட்டு ஒயினுக்கோ பழம் கொடுப்பதாக இருந்தால், எத்தனை பிரிக்ஸ், வெடிப்பு எந்த அளவு ஏற்பார்கள், கடைசி மருந்துக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி வேண்டும், மழையால் பிரிக்ஸ் குறைந்தால் எந்த விலைக்கு எடுப்பார்கள் என்ற நான்கையும் கவாத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தர மறுப்பவரை நம்பி நவம்பர் அறுவடைக்குக் கத்தரி எடுக்க வேண்டாம். கோட்டயத்துச் சேச்சிக்கு இப்போது செப்டம்பர் பழம் அனுப்புகிறேன். கிறிஸ்துமசுக்கு மூன்று மாதம் முன்பே பரணியில் போட்டு வைப்பதால், ஒயின் முன்னைவிட நன்றாகத் தெளிந்து வருவதாகச் சொல்லி, அவர் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்தே வாங்குகிறார்.